ஜொவெலினா மேடையில் கேட்ட கேள்வி

போன மாதம், இறந்தவர்களின் ஆவிகளோடு பேசுகிற எங்கள் மன்றத்து அறிவிப்புப் பலகையில் ஜொவெலினாவைப் பற்றி மூன்று வரி ஒட்டியிருந்தார்கள். "பதினாறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை சூப்பை அன்போடு சமைத்த சகோதரி ஜொவெலினா உடலை விட்டு ஒளியின் பக்கம் போனார். நாடகக் குழுவிலும் சில காலம் பங்காற்றினார்." அவ்வளவுதான். சில காலமாம்! ஐந்து வருஷம், ஐம்பத்திரண்டு மேடை. இதை எழுதிய பையனுக்கு அப்போது பால்பல் விழுந்திருக்காது. கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். பக்கத்தில் ஆள் இருந்ததால் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

நான் எல்வீரா. செர்ரா கிளாரா ஊர்த் தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவள். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். நீளமாக இருக்க வேண்டிய ஒரு நாளில் அது இல்லாமல் போனது. அந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஜொவெலினா காப்பித் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அம்மாவின் அப்பா இருபத்திரண்டு வயது வரை அதே தோட்டத்தில் அடிமையாக இருந்தவர். அவர் முதுகில் இருந்த தழும்புகளில் விரலை ஓட்டி விளையாடித்தான் வளர்ந்ததாகச் சொல்வாள். அதைச் சொல்லும்போது முகத்தில் சோகம் எதுவும் இருக்காது. தாத்தாவின் மீசையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்வாள். புருஷன் புதுத் தலைநகரம் பிரசிலியாவைக் கட்டுகிறேன் என்று லாரி ஏறிப் போனான். நகரம் கட்டி முடிந்து எத்தனையோ வருஷமாகியும் அவன் திரும்பவில்லை. "அவரு கட்டின கட்டடம் இன்னும் முடியலையாம், மேல மேல மாடி எடுக்குறாராம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கையில் ஒரு ஆண் குழந்தை. பெயர் அடில்சன்.

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கும் வேலை அவளுக்கு. பெரிய கைகள், எப்போதும் பூண்டு வாசம். அடில்சனுக்குப் பதினாலு வயதானதும் செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். அவளே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மேஸ்திரியிடம் நிறுத்தினாள். மூன்று வருஷம் கழித்து, நல்ல மழைக்காலத்தில், மண் தோண்டிய குழியில் தண்ணீர் நிறைந்து கரை எது குழி எது என்று தெரியாமல் கிடந்தது. பையன் கால் வைத்தான், போய்விட்டான். எழுபத்தாறாம் வருஷம். ஒரு வாரம் கழித்துச் சூளைக்காரன் அந்தக் குழியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டான்.

அதற்கப்புறம்தான் அவள் எங்கள் மன்றத்துக்கு வந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் எல்லோரும் வருவது போலத்தான். இறந்தவர்கள் எழுதுகிற கடிதம் எங்கள் ஊரில் பேய் பிசாசுக் கதை இல்லை. சனிக்கிழமை மதியம், ட்யூப்லைட் வெளிச்சம், வெள்ளை விரிப்புப் போட்ட மேசை, கண்ணாடி ஜக்கில் தண்ணீர். பிள்ளையின் பெயரையும் செத்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். ஆவிகள் சொல்வதை எழுதுகிறவர் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு தாள் தாளாக எழுதித் தள்ளுவார். முப்பது தாய்மார் வந்தால் ஐந்தாறு பேருக்குக் கடிதம் வரும். "அம்மா, அழாதீங்க, நான் நல்லா இருக்கேன்" என்று சத்தமாக வாசிப்பார்கள். கடிதம் வந்தவள் கதறுவாள். வராதவள் அடுத்த சனிக்கிழமை வருவாள். ஜொவெலினாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. சீட்டை நான்தான் எழுதிக் கொடுப்பேன். கடிதம் வராத வீட்டுக்காரர்கள் தபால் ஆபீஸ் ஜன்னலில் எப்படி நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் அப்படி நிற்கவில்லை. சீட்டை வைத்துவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போய் மறுநாள் ஏழைகளுக்கு ஊற்றும் சூப்புக்குப் பூசணி நறுக்க ஆரம்பிப்பாள். காது மட்டும் கூடத்தில் இருக்கும்.

நாடகத்தை எழுதியவர் ஒலிந்தோ டாக்டர். பல் டாக்டர், மன்றத் தலைவர். கெட்ட மனுஷர் இல்லை. ஏழைகளுக்கு ஓசியில் பல் பிடுங்குவார். ஆனால் ஒரு விஷயம் தெரியாது என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. நாடகத்தின் பெயர் "இரண்டு தொட்டில்கள்". நுழைவுக்கு டிக்கெட் இல்லை, ஆளுக்கு ஒரு கிலோ அரிசியோ பீன்ஸோ. முதல் அங்கத்தில் காப்பித் தோட்டத்து எஜமானி, பெலீசியா என்கிற அடிமைப் பெண்ணின் நாலு வயதுக் குழந்தையை வண்டிக்காரனுக்கு விற்றுவிடுகிறாள். இரண்டாவது அங்கத்தில் நூறு வருஷம் ஓடிவிடுகிறது. அந்த எஜமானி மறுபிறவி எடுத்து ஒரு இன்ஜினீயர் பெண்டாட்டியாக இருக்கிறாள், அவள் மகன் செத்துப்போகிறான். மூன்றாவது அங்கத்தில் அவள் எங்களைப் போன்ற ஒரு மன்றத்தில் கடிதம் கேட்டு உட்காருகிறாள். கடிதம் வருவதில்லை. பெலீசியாவின் ஆவி வந்து பழைய கதையைச் சொல்கிறது. தாய் காலில் விழுகிறாள். ஆவி மன்னிக்கிறது. மன்னித்த பிறகு மகனின் கடிதம் வருகிறது. திரை.

யாருக்கு என்ன வேஷம் என்பதை டாக்டர் அரை நிமிஷத்தில் முடித்தார். என் தோல் வெள்ளை, ஆகவே நான் எஜமானி. ஜொவெலினா கறுப்பு, ஆகவே அவள் பெலீசியா. அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல எல்லோரும் தலையாட்டினோம், நானும் சேர்த்துத்தான். என் மூன்று பிள்ளைகளும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள். பிள்ளையைத் தின்றவள் அவள். மேடையில் பிள்ளையை இழந்த தாயாக அழப்போனது நான்.

என் வீட்டுச் சமையலறையில்தான் அவளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தேன். நான் வாசிக்க, அவள் இரண்டு தடவை கேட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். முழு நாடகத்தையும் அப்படித்தான் கேட்டு முடித்தாள். அடுத்த ஒத்திகையில் டாக்டரிடம் நேராகக் கேட்டாள்.

"டாக்டர், இப்ப பிள்ளைய இழந்தவ, போன பிறவியில யாரோட பிள்ளையையோ பறிச்சவளாத்தான் இருக்கணுமா?"

"காரணம் இல்லாம காரியம் இல்ல, சகோதரி. அந்தச் சட்டத்துல ஆளுக்கு ஆள் சலுகை கிடையாது" என்றார் டாக்டர், விளக்குக் கம்பத்தை நகர்த்திக்கொண்டே.

"அப்போ எஜமானி நான்தானே? எல்வீராம்மா இல்லையே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பேருந்து நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தவள் நடுவழியில் நின்று, "தாத்தா இருந்த தோட்டத்துலதான் நான் எஜமானியா இருந்திருப்பேனோ? அப்போ தாத்தாவ அடிச்சதும் நானா இருக்குமோ?" என்றாள். "போடி பைத்தியம்" என்றேன். போன ஜென்மத்தில் என்ன பாவம் பண்ணினேனோ என்று பால் பொங்கி வழிந்தால்கூடச் சொல்கிற வாய்தான் எல்லோருக்கும். சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். அவள் மறக்கிற ரகம் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

மேடை ஏறிவிட்டால் அவளுக்கு ஈடு கிடையாது. எழுதுகிறவராக நடித்தவன் நெல்சினோ, முடிவெட்டுகிறவன். மேசையில் கண்ணை மூடி உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பான். பின்னால் வெள்ளைத் துணியில் நிற்கிற ஜொவெலினாவின் குரல்தான் பேசும். "மன்னிச்சேன்" என்று அவள் சொன்னதும் கூடமே மூக்கை உறிஞ்சும். திரைக்குப் பின்னால் வந்ததும் என் உடுப்பைக் கிள்ளிப் பார்ப்பாள். "எஜமானியம்மா, என் புள்ளைய வித்த காசுல தைச்ச கவுனா இது? இடுப்புல பிடிக்குதே!" நாங்கள் சிரித்துச் சிரித்து முகப்பூச்சு கலைந்து, நெல்சினோவிடம் திட்டு வாங்குவோம். ஒரு நாள் கேட்டேன், எப்படி ஒவ்வொரு தடவையும் அப்படிச் சொல்கிறாய் என்று. "நான் இங்க மனசாரச் சொன்னா, எனக்குச் சொல்ல வேண்டியவ அங்க சொல்லுவா. அவ சொல்லிட்டா அடில்சன் எழுதுவான். நாடகத்துல அப்படித்தானே வருது?" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

எண்பத்து நாலில், ஒரு சனிக்கிழமை, மகள் செத்து மூன்றே வாரமான ஒருத்தி முதல் தடவையாக மன்றத்துக்கு வந்தாள். கையில் இன்னும் கறுப்புக் கைக்குட்டை. முதல் கடிதமே அவளுக்கு வந்தது. பதினோரு தாள். ஜொவெலினா சமையல்கட்டு வாசலில் கத்தியும் பூசணியுமாக நின்று முழுக்கக் கேட்டாள். அவள் சீட்டு வைக்க ஆரம்பித்து எட்டு வருஷம் முடிந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு, பக்கத்து ஊர் பார்ரா வெர்தேயில் நாடகம். சாயங்காலம் நாலு மணி, பஞ்சாலைக் கூடம், இருநூற்றைம்பது பேர். வழக்கம்போல முதல் வரிசை நாற்காலிகளைக் கண்ணுக்குத் தெரியாத பார்வையாளர்களுக்காகக் காலியாக விட்டிருந்தோம். பேருந்தில் ஜொவெலினா கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். தலைவலி என்றாள்.

மூன்றாவது அங்கம். நான் மேசை முன்னால் முழங்கால் போட்டு, முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருக்கிறேன். ஒலிந்தோ டாக்டர் நாடகத்திலும் மன்றத் தலைவராகத்தான் நடிப்பார். மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து, எழுதிய வசனத்தைச் சொன்னார்.

"பெலீசியா சகோதரி, இந்தத் தாயை மன்னிக்கிறீங்களா?"

விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். நெல்சினோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் குரலுக்காகக் காத்திருந்தான்.

"நான் மன்னிக்கிறது இருக்கட்டும் டாக்டர்" என்றாள் ஜொவெலினா. "என்னை யாரு மன்னிப்பா?"

நெல்சினோவின் வாய் அப்படியே நின்றது. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு மேடையின் முன்பக்கம் வந்தாள்.

"நான் யாரு புள்ளைய வித்தேன்னு எனக்குத் தெரியல. அந்த அம்மா இங்க இருந்தா எழுந்து வரட்டும். கால்ல விழுறேன். என்ன சொன்னாலும் செய்யுறேன். எட்டு வருஷமாச்சு, என் பையன் ஒரு வரி எழுதல."

 கூடத்தில் யாரோ மெல்லப் பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்தார்கள். இன்னும் பத்துப்பேர் சேர்ந்துகொண்டார்கள். பலர் கண்ணை மூடி, கைகளை மடியில் விரித்து வைத்தார்கள். ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். ஒலிந்தோ டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். எழுந்து அவள் பக்கத்தில் போனார். அவர் குரல் மாறியது. புதன்கிழமை மூடின அறையில், தடுமாறி வருகிற ஆவிகளோடு பேசுகிற குரல் அது.

"சகோதரி, பயப்படாதீங்க. நண்பர்கள் நடுவுலதான் இருக்கீங்க. உங்க பேரு என்ன?"

"என்ன டாக்டர், என் பேரு தெரியாதா? ஜொவெலினா."

"அது இந்த உடம்போட பேரு. உங்க பேரச் சொல்லுங்க."

"உடம்பும் நான்தான் டாக்டர். நேத்துப் பூசணி நறுக்கினேனே, நீங்க பார்த்தீங்களே."

டாக்டர் அன்போடு தலையாட்டினார். புதன்கிழமை அறைக்கு வருகிற ஆவிகளில் பாதிக்கு, தாங்கள் செத்தது தெரியாது. நான் நல்லாத்தானே இருக்கேன், என் வீடு அதோ இருக்கு என்று சண்டை போடும். அவற்றிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அப்படித்தான் பயிற்சி.

"சகோதரி, மனசத் திடப்படுத்திக்கோங்க. நீங்க உடம்பை விட்டு ரொம்ப நாளாச்சு. நீங்க செத்துட்டீங்க. அதான் உங்களுக்குப் புரியல."

"செத்தது நான் இல்ல டாக்டர். அடில்சன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் சுற்றிலும் பார்த்தாள். நெல்சினோ கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தான். அவள் என் பக்கம் குனிந்தாள். பூண்டு வாசம் வந்தது.

"எல்வீராம்மா, நீங்களாவது சொல்லுங்க. இது நான்தான்னு சொல்லுங்க."

எனக்குத் தெரியும். அந்த மேடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆவி வந்தவர்களை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். இது ஆவி இல்லை. இது ஜொவெலினா, முழுசாக ஜொவெலினா, முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஜொவெலினா. எழுந்து நின்று, "நிறுத்துங்கய்யா, அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க" என்று ஒரு கத்து கத்தியிருக்கலாம். நான் முகத்தைக் கையிலிருந்து எடுக்கவில்லை. மன்னிக்கும் வரை அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று நாடகத்தில் எழுதியிருந்தது, அழுதுகொண்டிருந்தேன். டாக்டர் அவள் தலைமேல் கையை நீட்டினார். இரண்டு பேர் மேலே ஏறி வந்து அவளை மெதுவாக உள்ளே கூட்டிப்போனார்கள். ஜனங்கள் தேம்பினார்கள். இவ்வளவு உண்மையாக ஒரு ஆவி பேசி நாங்கள் பார்த்ததில்லை என்று போகும்போது டாக்டரின் கையைப் பிடித்துச் சொன்னார்கள்.

அவளுக்கு எட்டு வியாழக்கிழமை, தலைமேல் கை நீட்டிப் பிரார்த்திக்கும் சிகிச்சை என்று முடிவானது. மனம் சமநிலைக்கு வரும் வரை மேடை ஏறக் கூடாது. பெலீசியா வேஷம் நெல்சினோவின் பெண்டாட்டிக்குப் போனது. முகத்தில் காப்பித்தூளைக் குழைத்துப் பூசிக்கொண்டு வந்தாள். நான் அதற்கப்புறம் நடிக்கவில்லை. முட்டிவலி என்று சொன்னேன். உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

எட்டாவது வியாழக்கிழமை முடிந்த மறுநாள் காலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். காப்பி போட்டேன். சோள மாவு கேக்கை வெட்டி வைத்தேன். தொடவில்லை.

"எல்வீராம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் பேசினது நானா, வேற யாராவதா? எல்லாரும் வேற யாரோன்னு சொல்றாங்க. எட்டு வாரமாக் கேட்டுக் கேட்டு எனக்கே குழம்பிப் போச்சு."

"நீதான்" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா நீதான் ஜொவெலினா."

"அப்போ ஏன் சொல்லல?"

இருவருக்கும் வயதில் இரண்டு மாதம்தான் வித்தியாசம். அவள் என்னை நீங்க என்கிறாள், நான் அவளை நீ என்கிறேன் என்பது அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"பயந்துட்டேன்" என்றேன்.

"சரி, விடுங்க. பேசினது நான்தான்னா, கேட்டதும் நான்தான். பதில் இன்னும் வரல. நான் யாரு புள்ளைய வித்திருப்பேன்?"

எட்டு வாரமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது மொத்தமும் அப்போது பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் ஓங்கி அடித்தேன். காப்பி தளும்பியது.

"நீ யாரையும் விக்கல! எந்த எஜமானியும் இல்ல, எந்தப் போன பிறவியும் இல்ல. பல் டாக்டர் எழுதின நாடகம் அது. அந்தக் குழிக்கு வேலி போடல, அதான் நடந்தது. புள்ள செத்து ஒரு வாரத்துல போட்டான் பாரு, அந்த வேலிய மழைக்கு முன்னாடி போட்டிருந்தா அடில்சன் இன்னைக்குக் கல்யாணம் பண்ணிட்டு இருப்பான். உன் மேல ஒரு தப்பும் இல்ல. ஒரு துளி இல்ல."

அழுவாள், என் தோளில் சாய்வாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை.

"போன பிறவின்னு ஒண்ணு கிடையாதா?"

"கிடையாது."

"அப்போ செத்தப்புறமும் ஒண்ணும் கிடையாது."

தளும்பிய காப்பியைத் துடைக்கத் துணியைத் தேடினேன். 

"நான் என்ன நினைச்சிட்டிருந்தேன்னா," என்றாள், மெதுவாக, "அவன் எங்கயோ இருக்கான், எழுத விட மாட்டேங்குறாங்க, இல்ல என் மேல கோவம், அதான் எழுதலன்னு. இருக்கவே இல்லையா எல்வீராம்மா? குழியோட முடிஞ்சு போச்சா?"

முப்பது வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கடிதம் இல்லை என்று எத்தனையோ பேரிடம் சொன்னவள் நான். அந்த முகத்திடம் என்னால் சொல்ல முடியவில்லை.

"இருக்கான்" என்றேன்.

"நிஜமா?"

"இருக்கான்."

"அவன் இருக்கான்னா, நான் செஞ்சதும் இருக்குல்ல? ஒண்ணு இருந்தா மத்ததும் இருக்கணும்ல? சொல்லுங்க. நீங்க முகத்துக்கு நேரா உள்ளதச் சொல்றவங்க."

வெளியில் ரொட்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு" என்றேன்.

பிடித்து வைத்திருந்த மூச்சை அவள் விட்டாள்.  ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தாள், கேக்கில் பாதி தின்றாள், மாவில் சோம்பு கூடிப்போச்சு என்றாள். அதற்கப்புறம் எட்டு வருஷம் உயிரோடு இருந்தாள், ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள், ஒரு வரியும் வரவில்லை. அன்றைக்கு வாசலில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி எல்வீராம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.